கம்பைலர் கற்க வேண்டுமா, முதலில் ஒரு கால்குலேட்டர் எழுதுங்கள்

நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். அதைப் படிக்க உட்காருகிறவர்களில் நிறைய பேர் ஆரம்பத்திலேயே ஃபர்ஸ்ட், ஃபாலோ கணங்கள், எல்ஆர் அட்டவணைகள் போன்ற பாடப்புத்தகக் கோட்பாடுகளில் மாட்டிக்கொண்டு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 2 + 3 * 4 என்று கொடுத்தால் விடை சொல்லும் ஒரு சின்ன மொழியை முழுசாக உங்கள் கையால் எழுதுங்கள். பைத்தானே போதும்.

முதல் பகுதியான லெக்சர் சுலபம். எழுத்தெழுத்தாகப் படித்து, இலக்கங்களைச் சேர்த்து எண்ணாக்கி, இடைவெளியைத் தள்ளிவிட்டு டோக்கன் (எண், குறி என்று பிரித்த துண்டுகள்) பட்டியலைத் தரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த டோக்கன்களை, குறி மேலேயும் எண்கள் கிளைகளிலுமாக ஒரு மரமாக அடுக்கும் பார்சரில்தான் நேரம் போகும், போகட்டும். ரிகர்சிவ் டிசென்ட் முறையில் மூன்று ஃபங்ஷன்கள் எழுதுங்கள்: கூட்டல் கழித்தலுக்கு ஒன்று, அது பெருக்கல் வகுத்தலுக்கான ஃபங்ஷனை அழைக்கும், அது எண்ணையோ அடைப்புக்குறியையோ படிக்கும் ஃபங்ஷனை அழைக்கும். இந்த அடுக்கு இருப்பதால் 3 * 4 தானாகவே மரத்தில் கீழே போய்விடும், முன்னுரிமைக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். எழுதி முடித்ததும் 10 - 4 - 3 கொடுத்துப் பாருங்கள். 3 வரவேண்டும். 9 வந்தால், கழித்தல் குறிக்கு வலப்பக்கம் அதே ஃபங்ஷனை மறுபடி அழைத்திருக்கிறீர்கள், 4 - 3 முதலில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே வைல் லூப் போட்டு, அதுவரை கட்டிய மரத்தை ஒவ்வொரு சுற்றிலும் இடக்கிளையாக வைத்துக்கொண்டே போனால் சரியாகிவிடும். பெரிய கம்பைலர்களும் இப்படித்தான் செய்கின்றன: ஜிசிசி கம்பைலர், பைசன் என்ற கருவி உருவாக்கிய பார்சரை விட்டுவிட்டு 2004இல் சி பிளஸ் பிளஸுக்கும் 2006இல் சி மொழிக்கும் கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்ட் பார்சருக்கு மாறியது.

அப்புறம் மரத்தை அப்படியே கணக்கிடாமல் ஸ்டாக் மெஷினுக்கான (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுத்துக் கணக்கிடும் இயந்திரம்) கட்டளைகளாக மாற்றுங்கள். இடக்கிளை, வலக்கிளை, கடைசியில் குறி என்று போனால் புஷ் 2, புஷ் 3, புஷ் 4, மல் (பெருக்கு), ஆட் (கூட்டு) என்று வரும். இந்த ஐந்து வரியை ஓட்ட ஒரு லூப்பும் ஒரு லிஸ்டும் போதும். நீங்கள் எழுதியது நிஜமாகவே ஒரு கம்பைலர்தான். அடுத்து வேரியபிள், அதற்குப் பெயர்களைக் குறித்துவைக்கும் ஒரு சிம்பல் டேபிள். இஃப் சேர்க்கும்போது எங்கே ஜம்ப் செய்வது என்பது அந்த நேரத்தில் தெரியாது, இடத்தைக் காலியாக விட்டு, பின்னால் வந்து நிரப்புங்கள்.

இதெல்லாம் ஓடிய பிறகு, ரிட்டர்ன் 2 + 3 * 4 என்று சி மொழியில் எழுதி, ஜிசிசியிடம் அசெம்பிளி (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) வெளியீட்டைக் கேளுங்கள். ஆப்டிமைசேஷன் (நிரலை மேம்படுத்துதல்) எதையும் கேட்காமலேயே பெருக்கலும் கூட்டலும் காணாமல் போய் 14 மட்டும் நிற்கும். உங்கள் கம்பைலரிலும் இதைச் செய்யலாம்: இரண்டு பக்கமும் எண்ணாக இருக்கும் கிளையை, கட்டளையாக மாற்றும் முன்பே விடையாக்கிவிடுங்கள். சில வரிகளில் முடிந்துவிடும்.