அலுமாரியை நகர்த்திப் பாருங்கள்: கிராமத்தில் வீடு வாங்குமுன் செய்ய வேண்டிய பரிசோதனை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு வீடு. ஓட்டுக்கூரை, அகலமான விறாந்தை, முற்றத்தில் இரண்டு மாமரம், வாசலில் நின்றால் வயல்வெளி. விலையும் எனக்குக் கட்டுப்படியானது. சுவர் முழுக்கப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அன்றைக்கே முற்பணம் கொடுக்க நான் தயாராக இருந்தேன். என் மனைவிதான், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

வந்த பொறியியலாளர் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை, சுவரைத் தட்டவுமில்லை. நேராக அறைக்குள் போய், "இந்த அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்று கேட்டார். அலுமாரிக்குப் பின்னால் பெயின்ற் எட்டாத சுவரில், என் தொடை உயரத்தில், மட்டம் பிடித்துக் கோடு இழுத்ததுபோல ஒரு மண்ணிறக் கறை. வெள்ளம் நின்ற அடையாளம். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

அந்த வீட்டை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரையில் வேறொரு வீட்டை வாங்கினேன். இரண்டு வீட்டிலும் கற்றுக்கொண்டதை, முதன்முறை வீடு வாங்குகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில், யார் யார் என்ன பார்ப்பார்கள்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நில அளவையாளர் மண்ணை அளப்பார். அதன்மேல் நிற்கும் வீடு நாளைக்கு விழுமா என்பது அவர் வேலை அல்ல. மதிப்பீட்டாளர் விலை சொல்வார். வங்கிக் கடன் எடுத்தால் வங்கி அவரை அனுப்பும், பலர் அதோடு "வங்கியே பார்த்துவிட்டது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வங்கி பார்த்தது தன் கடனுக்கு அந்த ஆதனம் போதிய ஈடா என்பதை மட்டுமே. வீட்டின் உடம்பைப் பார்க்க வேண்டியவர் சிவில் பொறியியலாளர். வீட்டுப் பரிசோதனை என்று தனித் தொழிலாகப் பலகை போட்டவர்களை நம் பக்கத்தில் தேடி அலைய வேண்டாம்; வீடு கட்டி அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவரைக் கட்டணம் பேசி அழைத்துவந்தால் போதும். பொறியியல் தொழில் செய்கிறவர்கள் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விற்பவர் சிபாரிசு செய்யும் ஆளை எடுக்காதீர்கள். உங்கள் மேசனையும் இதற்கு நம்பாதீர்கள். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் திருத்த வேலை தனக்கே வரும் என்ற எண்ணம் அவர் கண்ணை மாற்றிவிடும். மேசன் பிறகு தேவைப்படுவார், செலவுக் கணக்குப் போட.

படி 1: காசில்லாத விசாரணை

பொறியியலாளருக்குப் பணம் கட்டுமுன் நீங்களே போய் அக்கம்பக்கத்தில் பேசுங்கள். வீட்டைப் பற்றி நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அயலவரின் விற்பனையைக் குழப்பிய பழி யாருக்கு வேண்டும்? ஆகவே, "2011 தை மாத வெள்ளத்தில் உங்கள் வளவுக்குள் எதுவரை தண்ணீர் வந்தது?" என்று அவர்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அந்த வெள்ளத்தை இங்கே மறந்தவர் இல்லை. முழங்காலா இடுப்பா என்று கையால் காட்டிச் சொல்வார்கள். வாங்கப்போகும் வீட்டின் நிலைமையை அதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கரையோரமென்றால் 2004 சுனாமியையும் சேர்த்துக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும் நாளில் குடையோடு போய் நில்லுங்கள். வீதித் தண்ணீர் வளவுக்குள் இறங்குகிறதா, வளவுத் தண்ணீர் எங்கே வடிகிறது என்பதைக் காட்ட மழையைவிடச் சிறந்த பொறியியலாளர் இல்லை. கிணற்றுக்கோ நேர் எதிரான பருவம் வேண்டும். ஆவணியில் குடித்துப் பாருங்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின்மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் மேலே வரும். மாரியில் தேனாக இனிக்கும் கிணற்றை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

படி 2: ஆவணம்

நீண்ட விஷயம்; சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள். அவர் வழக்கமாகக் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவார். நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று.

உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியா, அரசின் அனுமதிப்பத்திரக் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அரச காணிகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அனுமதிப்பத்திரக் காரர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் அப்படியான காணிக்குக் கிட்டப் போகாதீர்கள்.

உரித்து யாருடையது? நம் கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். உங்களோடு விலை பேசிக்கொண்டிருப்பவர் கணவர், உறுதியில் இருப்பது மனைவியின் பெயர், அவருடைய தாய்க்கோ ஆயுள் உரிமை ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த மூதாட்டியின் கையெழுத்தும் வேண்டும்.

பிரித்த காணியா, பிரிபடாத பங்கா? நான்கு சகோதரிகள் வேலி போட்டுத் தனித்தனியாக இருந்தாலும் கடதாசியில் நான்கில் ஒரு பங்கு என்றே இருக்கலாம்.

படி 3: விற்பவரிடம் கேட்பது

ஊரில் இது சங்கடமான இடம். விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவராக, எங்கேயோ சுற்றிச் சொந்தமாகவும் இருப்பார். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்பார். "உங்களை நம்புகிறேன் மாமா, எனக்கு வீடு பார்க்கத் தெரியாது, அதுதான் தெரிந்தவரைக் கூட்டிவருகிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். உண்மையும் அதுதான். பகலில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது, எல்லா அறையும் திறந்துகாட்டச் சம்மதம் வாங்குங்கள். ஓர் அறையின் திறப்பு மட்டும் காணாமல்போனால் அந்த அறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 4: பரிசோதனை நாள்

எதைப் பார்ப்பது, அறிக்கை எழுத்தில் வருமா, படம் சேர்த்தா, பயணச் செலவு யாருடையது என்பதை முன்னரே பேசுங்கள். ஏணியும் டோர்ச்சும் நீங்கள் ஒழுங்குசெய்யுங்கள். ஏணி இல்லாததால் கூரை பார்க்காமல் போன கதை எனக்கே உண்டு. கட்டாயம் கூடவே நில்லுங்கள். அறிக்கையில் வராத பாதி விஷயம் அவர் வாயிலிருந்து வரும்.

கூரை. ஓடுகளைவிட அவற்றின் கீழுள்ள மரம் முக்கியம். முகட்டுவளையும் கைமரமும் வளைந்திருக்கிறதா, கறையான் புற்று ஓடியிருக்கிறதா, ஒழுக்குக் கறை புதிதா பழையதா என்று பார்ப்பார். கூரை சுவரோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நீங்களாகவே கேளுங்கள். 1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதிப் புயலில் கூரைகள் பறந்த மாவட்டம் இது. சுவர்மேல் சும்மா வைத்த கூரைக்கும் இரும்புப் பட்டியால் இறுக்கிய கூரைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு இரவில்தான் தெரியும்.

சுவர். எல்லா வெடிப்பும் ஆபத்தில்லை. பூச்சில் மயிரிழைபோல் சிலந்திவலையாக ஓடுவது பூச்சு உலர்ந்த விதத்தால் வருவது. யன்னல், கதவு மூலையிலிருந்து சரிவாக, கல் கல்லாகப் படிக்கட்டுப்போல் இறங்குவதுதான் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதன் அடையாளம். அகலம் 5 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது மேலே அகன்று கீழே ஒடுங்கினால், பொறியியலாளரை அந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். வெடிப்பு இன்னும் வளர்கிறதா என்று அறிய, அதன் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவிட்டுச் சில வாரம் கழித்துப் பார்ப்பார்கள். எனவே அவசரப்படுத்தும் விற்பனை எதுவும் நல்லதல்ல.

ஈரம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீற்றருக்குள் நிற்கும், மேடுபள்ளமாக, உப்புப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். வெள்ளக் கறை எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் நேராக இருக்கும். முதலாவதற்கு மருந்து உண்டு. இரண்டாவதற்கு வீட்டை உயர்த்துவதைத் தவிர வழி இல்லை. கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக ஓடு பதித்த சுவர், அலுமாரி ஒட்டிய சுவர், நாட்காட்டி தொங்கும் சுவர் எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

கொங்கிறீற். கடலுக்கு அண்மையான வீடுகளின் பெரிய வியாதி இதுதான். கழுவாத கடல் மணலைக் கலந்து போட்டிருந்தால் அதிலுள்ள உப்புக் கம்பியை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். வளையின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு நீள வெடிப்பும் மண்ணிறக் கசிவும் தெரியும். பொறியியலாளர் சுத்தியலால் தட்டுவார். "டொக்" என்று வெற்றொலி வந்தால் உள்ளே கழன்றுவிட்டது. நான் வாங்கிய வீட்டில் விறாந்தைத் தூண் ஒன்றும் இரண்டு யன்னல்களுக்கு மேலுள்ள லின்டலும் இப்படித்தான் இருந்தன. மேலே பூசி மறைத்தால் இரண்டு மாரி தாங்கும், அவ்வளவுதான்.

கிணறும் மலக்குழியும். இடையே நாடா பிடித்து அளவுங்கள். 50 அடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மணல் மண்ணில் அதைவிடக் கூடினால் நல்லது. உங்கள் குழியோடு அடுத்த வளவுக் குழியையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அது தூரமாகிவிடாது.

மின்சாரத்துக்கு, மின் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிற்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மின்பட்டியல் யார் பெயரில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: அறிக்கையை என்ன செய்வது?

அறிக்கை வந்ததும் பயந்துவிடாதீர்கள். எந்த வீட்டையும் பொறியியலாளரிடம் காட்டினால் இரண்டு பக்கக் குறை வரும். மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: உடனே செய்ய வேண்டியது, ஓரிரு வருடம் பொறுக்கக்கூடியது, காசால் திருத்த முடியாதது. மூன்றாவதில் ஒன்று இருந்தாலும் நான் விலகுவேன். வெள்ளப் பள்ளம், உவர்க் கிணறு, பாதையில்லாத வளவு ஆகியவை அந்த வகை. முதல் வகைக்கு இப்போது மேசனை அழைத்து மதிப்பீடு எடுங்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும். "வீடு பழசு, குறையுங்கள்" என்று சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். லின்டல் படத்தையும் மேசனின் கணக்கையும் காட்டியபோது, முதல் நாள் முகம் கொடுக்காத எங்கள் விற்பனையாளர் கொஞ்சம் இறங்கிவந்தார். முழுத் தொகைக்கும் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 6: நில அளவை

வீடு தேறிய பிறகே அளவையாளரை அழைக்கிறேன். வீடு சரியில்லையென்றால் காணியை அளந்த காசு வீண். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். பழைய படம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வரைந்தபோது இருந்த வேலி இப்போது அங்கே இருக்காது. கதியால் (வேலிக்கு நடும் மரக்கிளை) வேலி நடக்கும் என்று எங்கள் அப்பா சொல்வார். ஒவ்வொரு முறை புதுக் கதியால் போடும்போதும் ஓர் அடி நகரும்.

பழைய உறுதிகளில் அளவு பாகத்தில் இருக்கும். ஒரு பாகம் ஆறு அடி. 10 பாகத்துக்கு 20 பாகம் என்றால் 60 அடிக்கு 120 அடி, 7,200 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே ஏறத்தாழ 26.4 பேர்ச். விற்பவர் "முப்பது பேர்ச்" என்று வாயால் சொல்லும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்.

அளக்கும் நாளில் அயலவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி நிற்கச் சொல்லுங்கள். தேத்தண்ணீர் கொடுங்கள். எல்லைக்கல் நடும்போது பேசாதவர், மதில் கட்டும்போது பேசுவார். வீதிக்கு, வாய்க்காலுக்கு, வாவிக்கு ஒதுக்கிய நிலம் உள்ளே வருகிறதா என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். வீதியோரம் கட்டாமல் விட வேண்டிய எல்லையான தெருக்கோடு எது என்று பிரதேச சபையிலும் கேளுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வரும் காணியிலும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரங்களை அண்டிய இடங்களிலும், பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டவும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம்.

படி 7: முற்பணம்

இப்போதுதான் பணம். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு காணியை விற்கும்படி அவரை வற்புறுத்த முடியாது. விற்பனைக்கு முன் அவர் செய்வதாக ஒப்புக்கொண்ட திருத்தங்களையும் அதே உடன்படிக்கையில் எழுதுவியுங்கள். நாங்கள் மலக்குழி மூடியை எழுதினோம், கிணற்றுக் கட்டை மறந்தோம். மூடி புதிதாக இருக்கிறது. கிணற்றுக் கட்டைப் போன மாதம்தான் என் செலவில் பூசி முடித்தேன்.