டென்ட் அடிக்கும் முன் ஒரு குச்சி எடுங்கள்

போன ஜூலையில் கொடைக்கானல் மேல்மலையில் நண்பரின் தோட்டத்தில் டென்ட் போட்டிருந்தோம். இரவெல்லாம் காற்றும் சாரலும். விடிந்ததும் டீ போட வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்துச் சீகை மரம் வேரோடு சாய்ந்து டென்டின் கால்மாட்டில் விழுந்தது. அடி யாருக்கும் இல்லை, டென்ட் கம்பிகள்தான் போச்சு. முந்தின சாயங்காலம் அந்த மரத்தை அளந்து “இங்கே எட்டாது” என்று சொன்னதும் நான்தான்.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தங்க முடியாது என்பது தெரிந்ததுதான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. அண்ணாந்து பாருங்கள். இலையில்லாத கிளை, முறிந்து வேறொரு கிளையில் மாட்டித் தொங்கும் கிளை, இரண்டில் எது இருந்தாலும் இடத்தை மாற்றுங்கள். தைல மரம் காற்றே இல்லாதபோதும் கிளையை உதிர்க்கும், அதன் கீழே நான் உட்காருவதுகூட இல்லை. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால் தலையில் மாட்டும் விளக்கை நம்பாதீர்கள். ஒளி ஒடுங்கி நீளப் பாயும் கை டார்ச்தான் உச்சிவரை காட்டும்.

2. அடிமரத்தைப் பாருங்கள். காளான், பொந்து, வேர்ப் பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருப்பது எல்லாமே கெட்ட அறிகுறி. சீகைக்கு வேர் மேலோட்டமாகத்தான் ஓடும். மழையில் மண் ஊறிவிட்டால் பச்சை மரமே சாயும்.

3. உயரத்தை அளங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஒரு நேர்க்குச்சியின் நுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, கையை முழுதாக நீட்டி, கை எட்டும் இடத்தில் குச்சியைப் பிடியுங்கள். பிடியை மாற்றாமல் அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிடிக்குமேல் உள்ள குச்சியின் நீளமும், கண்ணிலிருந்து கைக்குள்ள தூரமும் இப்போது ஒன்றே. மரத்தின் அடி உங்கள் பிடியிலும் உச்சி குச்சி நுனியிலும் பொருந்தும்வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரம்வரை எவ்வளவு தூரமோ, மரமும் ஏறக்குறைய அவ்வளவு உயரம்.

அன்று நான் முழங்கையை லேசாக மடக்கியிருந்தேன். அப்படி மடக்கினால் மரம் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும், டென்டும் கிட்டே வந்துவிடும். போன் ஆப்பையும் முயன்று பார்த்தேன், பனிமூட்டத்தில் உச்சியே தெரியவில்லை. குச்சி போதும்.

4. அந்தத் தூரத்தோடு பாதியையும் கூட்டி, அதற்கு அப்பால் டென்ட் அடியுங்கள். 20 மீட்டர் மரம் என்றால் 30 மீட்டர். விழும் மரம் பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு வரலாம்.

பிற்சேர்க்கை: “சரிவில் அளந்தால் கணக்கு உதைக்கிறதே” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சரிதான். மேலேயோ கீழேயோ நடக்காமல், சரிவுக்குக் குறுக்கே மட்டமாக நடந்து அளங்கள். டென்டை மரத்துக்கு நேர் கீழ்ச்சரிவில் போடாதீர்கள், விழுந்த மரம் அங்கேயே நிற்காது, சறுக்கி வரும். அப்புறம், காற்று வலுத்தால் காரில் ஏறிக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டார். கார் எந்த மரத்தடியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.