பெடல்போர்டுக்கு பவர்: டெய்சி செயினா, தனித்தனி லைனா?

கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கி வைத்த பலகைதான் பெடல்போர்டு. முதலில் ஒவ்வொரு பெடலிலும் வோல்ட், மில்லிஆம்ப் (இழுக்கும் மின்னோட்டம்), போலாரிட்டி (பிளக்கில் எது பாசிட்டிவ், எது நெகட்டிவ்) மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடுப்பின் நெகட்டிவ். ஒலியைக் கரகரப்பாக்கும் சாதாரண ஓவர்டிரைவுக்கு 20 மில்லிஆம்பே தாராளம். எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் சில 300 வரை இழுக்கும். மொத்தத்தைக் கூட்டி, மேலே கால்பங்கு சேர்த்து சப்ளை வாங்குங்கள். மில்லிஆம்ப் கூடுதலாக இருந்தால் பயமில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து, பெடல் புகைந்துவிடலாம்.

நான்கைந்து அனலாக் பெடலுக்கு டெய்சி செயின், அதாவது ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குக் கிளை பிரியும் ஒயர், போதும். அதே செயினில் டிஜிட்டல் பெடலைச் சேர்த்தால் பல சமயம் ‘கீ’யென்று மெல்லிய விசில் கேட்கும், டிஸ்டார்ஷனை மிதித்ததும் அது அலறலாகிவிடும். டிஜிட்டல் கிளாக்கின் இரைச்சல் பொது கிரவுண்ட் வழியே மற்றவற்றுக்குள் நுழைவதுதான் காரணம். இதற்கு ஒவ்வொரு பெடலுக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத தனி லைன் தரும் ஐசொலேட்டட் சப்ளைதான் சரியான மருந்து. பட்ஜெட் இடிக்கிறதா? அந்த ஒரு பெடலுக்காவது தனி அடாப்டர் கொடுங்கள்.

பிஎன்பி வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஃபஸ் பெடலை மட்டும் செயினில் மாட்டவே கூடாது. அதில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டு (வெளி உலோக உறை) வழியே சப்ளை நேராக ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி போடுங்கள்.

பலகைக்கு அடியில் பவர் ஒயரும் ஆடியோ கேபிளும் சேர்ந்து ஓடக் கூடாது. சந்தித்தே தீர வேண்டுமென்றால் குறுக்காக வெட்டிப் போகட்டும்.