டீசல் பைப்பில் புகுந்த காற்று

திருவொற்றியூரில் நிற்கும் என் பழைய டீசல் ஜீப், காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் நிலைக்கு வந்ததோடு, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளை முந்தும்போது இழுவையையும் இழந்தது. ஃபில்டரை மாற்றியும் பயனில்லை. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றச் சொன்னவர்கள் உண்டு. செலவு மிகுந்த அந்த வேலையைக் கடைசியாகவே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சினுக்கு மேலாக ஒரு கேனில் டீசலை வைத்து, அதிலிருந்து நேரே, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்தபோது எஞ்சின் குறையின்றி ஓடியது. ஆகவே கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால், ஓடும்போது ஓட்டை வழியே டீசல் கசிவதற்குப் பதிலாகக் காற்றே உள்ளே நுழையும். கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தென்படாததற்குக் காரணம் அதுவே. பழைய இணைப்பையே மீண்டும் கொடுத்து, ஃபீட் பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஹோஸ் துண்டு ஒன்றைப் பொருத்தியதும், கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடுவதைக் கண்டேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்பை நீக்கிப் பார்த்தால், அதனடியில் உப்புக்காற்று இரும்பை அரித்திருந்தது.

பைப்பையும் செப்பு வாஷர்களையும் புதிதாக மாற்றி, ஃபில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தேன். எஞ்சின் உடனே பிடித்தது. குமிழி வரவில்லை என்று உறுதியான பிறகே அந்த ஹோஸ் துண்டைக் கழற்றினேன்.