பண்டரிபுரம் வாரி: முதல் தடவை நடக்கிறவர்களுக்கு

மார்கழி பஜனையிலும் ராதா கல்யாணத்திலும் அபங்கம் (மராட்டி பக்திப் பாட்டு) கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கம் நிறைய பேர் உண்டு. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676–1855) இங்கே வேரூன்றிய பழக்கம் அது. நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாடுகிற அதே பாட்டை மகாராஷ்டிராவில் லட்சக்கணக்கானவர்கள் மழையில் நடந்துகொண்டே பாடுகிறார்கள். ஆஷாட ஏகாதசிக்கு (நம் ஆனி-ஆடியில் வருவது) பண்டரிபுரம் போய்ச் சேருகிற அந்த நடைக்கு வாரி என்று பெயர், நடக்கிறவர் வார்கரி. நீங்களும் போக நினைத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்கிறேன்.

1. யாரைப் பார்க்கப் போகிறோம்

விட்டல், விடோபா, பாண்டுரங்கன் எல்லாம் ஒருவரே, வார்கரிகளுக்கு அவர் கிருஷ்ணன்தான். ஆனால் புல்லாங்குழலும் கிடையாது, பக்கத்தில் ராதையும் கிடையாது. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு செங்கல் மேல் நிற்கிறார், அவ்வளவுதான். கதை இப்படிப் போகிறது: கோபித்துக்கொண்டு வந்துவிட்ட ருக்மிணியைத் தேடி வந்த கிருஷ்ணன், அப்படியே புண்டலீகன் வீட்டு வாசலுக்கும் வந்தாராம். அவனோ அப்பா அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் இருங்க சாமி" என்று ஒரு செங்கல்லைத் தூக்கி வெளியே போட்டானே தவிர எழுந்து வரவில்லை. கடவுள் அதன்மேல் ஏறி நின்றவர் இன்னும் இறங்கவே இல்லை. ருக்மிணிக்கும் அங்கே தனிச் சன்னதிதான். இன்னொன்று, விட்டலின் தலையில் இருப்பது சிவலிங்கம் என்பது வார்கரிகளின் நம்பிக்கை, அதனால் சைவமா வைணவமா என்ற சண்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2. எந்தப் பல்லக்கோடு நடப்பது

பல ஊர்களிலிருந்து ஞானிகளின் பாதுகைகளைச் சுமந்து பல்லக்குகள் கிளம்புகின்றன. புதியவர்களுக்குச் சுலபம் புனேக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு: ஆளந்தியிலிருந்து கிளம்பும் ஞானேஸ்வர் பல்லக்கு, தேஹுவிலிருந்து கிளம்பும் துகாராம் பல்லக்கு. இரண்டும் வெவ்வேறு வழியில் போய், பண்டரிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாக்ரியில் சேர்ந்துகொள்ளும். ஆளந்தி வழி சுமார் 250 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும்.

ஞானேஸ்வர் 1275-இல் பிறந்தவர். சந்நியாசம் வாங்கிக்கொண்டு திரும்பக் குடும்பத்துக்கு வந்துவிட்டவரின் பிள்ளை என்பதால் அவரையும் உடன்பிறந்தவர்களையும் ஊர் ஒதுக்கிவைத்தது. அந்தப் பையன்தான் பதினைந்து வயதில், 1290-இல், கீதைக்கு மராட்டியில் உரை சொன்னான். சமஸ்கிருதம் தெரியாத உழவனுக்கும் புரிகிற மொழியில் சொன்னதுதான் அங்கே பெரிய காரியம். 21 வயதில் ஆளந்தியிலேயே சமாதி அடைந்தார்.

துகாராம் 17-ஆம் நூற்றாண்டுக்காரர், தேஹுவில் மளிகையும் கொடுக்கல் வாங்கலும் செய்த குடும்பம். 1630-ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தார், அதற்கப்புறம் மனசு வியாபாரத்தில் நிற்கவில்லை. கடன் பத்திரங்களில் தன் பங்கை இந்திராயணி ஆற்றில் போட்டுவிட்டார் என்பார்கள். சூத்திரன் எப்படி வேதப்பொருள் பாடலாம் என்று கேட்டு அவருடைய பாட்டு ஏடுகளையும் அதே ஆற்றில் போடவைத்தார்களாம், பதிமூன்று நாள் கழித்து ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது வார்கரிகள் சொல்லும் கதை. அவர் மகன் நாராயண் மகராஜ் 1685-இல் பல்லக்கில் பாதுகைகளை வைத்துக் கிளம்பியதிலிருந்துதான் இன்றைய ஊர்வல முறை தொடங்குகிறது. வாரி நடக்கிற பழக்கம் அதற்கெல்லாம் முந்தியது, ஞானேஸ்வர் காலத்துக்கும் முன்பே இருந்தது என்று நம்புகிறார்கள்.

நான் ஆளந்தியைத்தான் சொல்வேன். கூட்டம் அதிகம்தான். ரிங்கண் என்கிற குதிரை ஓட்டம் இரண்டு வழியிலும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

3. ஒரு திண்டியில் சேருங்கள்

பலகாரம் இல்லை, திண்டி என்றால் சேர்ந்து நடக்கிற குழு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ரதத்துக்கு முன்னால் இத்தனையாவது, பின்னால் இத்தனையாவது என்று இடமும் உண்டு. சாப்பாடு, கூடாரம், சாமான் ஏற்றும் லாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்பார்கள். தனியாக நடப்பதையும் யாரும் தடுப்பதில்லை, வழியெல்லாம் ஊர்க்காரர்கள் சோறு போடுகிறார்கள், ஆனால் மழை ராத்திரியில் எங்கே படுப்பது என்று தேடி அலையும்போதுதான் திண்டியின் அருமை தெரியும்.

4. மாலையும் பாட்டும்

வார்கரியின் அடையாளம் கழுத்தில் துளசி மாலை. சபரிமலை மாலை மாதிரி நினைத்துவிடாதீர்கள், இதை ஊர் திரும்பியதும் கழற்றுவதில்லை. போட்டால் ஆயுசுக்கும். புலால் இல்லை, மது இல்லை, ஏகாதசி விரதம் உண்டு, வருஷா வருஷம் வாரி வரவேண்டும். ஆகவே முதல் தடவையே உணர்ச்சிவசப்பட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம். மாலை இல்லாமலும் நடக்கலாம், யாரும் கேட்பதில்லை.

பாட்டில் இரண்டு போதும். "ராம கிருஷ்ண ஹரி", அப்புறம் "ஞானோபா துகாராம்". இரண்டாவதைக் கவனித்தீர்களா, அதில் கடவுள் பெயரே இல்லை, ஞானேஸ்வர், துகாராம் என்ற இரண்டு ஞானிகளின் பெயர்தான். நேரம் இருந்தால் ஞானேஸ்வரின் ஹரிபாடத்தைக் கேட்டுப் பழகுங்கள். சாயங்காலம் எல்லாத் திண்டியிலும் அதைப் பாடுவார்கள், பக்கத்தில் இருக்கிற பாட்டிக்கு முழுசாக மனப்பாடமாக இருக்கும்.

5. மூட்டை

பழகிய செருப்பு. புதுச் செருப்பில் கிளம்பி இரண்டாம் நாளே கொப்புளத்தோடு நொண்டியவன் சொல்கிறேன். மழைக்கோட்டு, தேங்காயெண்ணெய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மற்றது எல்லாம் அதிகம்.

6. நடக்கிற நாட்கள்

விடிகாலையில் கிளம்பிவிடுவார்கள். முன்னால் காவிக் கொடி, அப்புறம் தாளக்காரர்கள், மிருதங்கம், வீணை ஏந்தியவர், தலையில் துளசி மாடம் சுமக்கும் பெண்கள். புனேயிலிருந்து சாஸ்வடு போகும் நாள் கடினம், 30 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் திவே காட் ஏற்றம் வேறு. அன்றைக்குப் பேசாமல் யாராவது ஒருவரின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள், கால் தானாக வரும்.

உங்களை "மாவுலி" என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம். ஞானேஸ்வருக்கு உரிய பெயர், ஆனால் வாரியில் டீக்கடைக்காரர், போலீஸ்காரர், குழந்தை எல்லாரும் மாவுலிதான், மலையில் எல்லாரும் "சாமி" ஆவது போல. அறுபது வயதுக்காரர் சட்டென்று குனிந்து உங்கள் காலைத் தொடுவார். கூச்சப்பட்டு நகராதீர்கள், நீங்களும் குனிந்து அவர் காலைத் தொடுங்கள், அதுதான் முறை.

ரிங்கண் சில ஊர்களில் நடக்கும். பெரிய மைதானத்தில் எல்லாரும் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு குதிரைகள் ஓடும். ஒன்றின்மேல் கொடியோடு ஆள் இருப்பார். மற்றதன் மேல் யாரும் இல்லை, அது மாவுலியின் குதிரை, ஞானேஸ்வரே ஏறி வருகிறார் என்று நம்பிக்கை. ஓடி முடித்ததும் குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ள ஜனம் பாயும். அந்த நேரம் ஓரமாக நில்லுங்கள்.

7. பண்டரிபுரத்தில்

முதலில் சந்திரபாகா. பீமா நதி இங்கே பிறை மாதிரி வளைவதால் அந்தப் பெயர். குளித்துவிட்டு ஆற்றங்கரையில் புண்டலீகனைப் பாருங்கள், அவனுக்கு அப்புறம்தான் விட்டல். ஏகாதசியன்று பாதம் தொட்டுக் கும்பிடும் வரிசையில் நின்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முக தரிசன வரிசை சின்னது. கோபுரக் கலசத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு, அவர்கள் நடந்த நடை குறைந்துபோனதாக யாரும் நினைப்பதில்லை.

மகாத்துவாரத்தில் இரண்டு இடத்தைத் தவறவிடாதீர்கள். முதல் படிக்கு நாமதேவர் படி என்று பெயர். பெருமாள் கோயில்களில் குலசேகரன் படி இருக்கிறதே, அதே ஆசை: அடியார் கால் தூசி தன்மேல் பட வேண்டும் என்று தையற்காரர் குலத்தில் பிறந்த அந்தக் கவி கேட்டாராம். இப்போது அதை மிதிக்காமல் தொட்டுக் கும்பிட்டுத் தாண்டுகிறார்கள். அதற்கு எதிரே வெளியில் சொக்கமேளர் சமாதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மகார் ஜாதியில் பிறந்தவர், விட்டலை உருகி உருகிப் பாடியவர், ஆனால் கோயிலுக்குள் விடவில்லை. 1338-இல் மங்கள்வேடாவில் சுவர் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து செத்துப்போனார், நாமதேவர்தான் எலும்புகளை எடுத்து வந்து இங்கே வைத்தார் என்பது மரபு. கால் தொட்டுக் கும்பிடுகிற இந்தக் கூட்டம், அவருடைய ஜனத்தை உள்ளே விட அறுநூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1947 மே மாதம் சானே குருஜி என்ற மராட்டி எழுத்தாளர், சுதந்திரப் போராட்டக்காரர், அதற்காகப் பத்து நாள் உண்ணாவிரதம் இருந்தார், அப்புறம்தான் கதவு திறந்தது. வாரியை மெச்சுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

8. பௌர்ணமி வரை இருங்கள்

ஏகாதசி முடிந்ததும் சோலாப்பூர் பஸ் பிடிக்க ஓடிவிடாதீர்கள். பௌர்ணமியன்று பக்கத்தில் கோபாள்பூரில் கோபாலகாலா நடக்கும். மாடு மேய்க்கப் போன கிருஷ்ணன் எல்லாப் பையன்களின் கட்டுச்சோற்றையும் ஒன்றாகக் கலந்து சாப்பிட்டானே, அதன் நினைவாகப் பொரியும் தயிரும் கலந்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வார்கள். யார் என்றே தெரியாத ஒருவர் பிசைந்த கையோடு "மாவுலி" என்று உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். வாயைத் திறங்கள்.