‘நாளைக்கு லீவு’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், "கலெக்டர் லீவு விட்டாச்சு" என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அறிவிப்பு சுற்ற ஆரம்பித்துவிடும். ஆசிரியர்களே, அது உண்மையா பொய்யா என்று சரிபார்ப்பதையே வகுப்பில் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இவ்வளவு அக்கறையாக வேறு எதையும் படிக்க மாட்டார்கள்!

முதலில் தேதியையும் கிழமையையும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்புறம் மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று தேடட்டும்.

படம் என்றால், படத்தை வைத்தே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸ் போதும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயலில் சாய்ந்த பலா, முந்திரி மரங்களின் படம் ஒன்றைக் கொடுத்து, எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய செய்திகள் வரிசையாக வந்து நிற்கும்.

இன்னொன்று. வீட்டுக் குழுவில் வதந்தியை அனுப்புவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். எல்லோர் முன்னாலும் "பொய்" என்று போட்டு மடக்கினால் சண்டைதான் மிஞ்சும். தனியாக, "பெரியப்பா, அது பழசு, அழிச்சிடுங்க" என்று சொல்லப் பழக்குங்கள்.