சொல்வழி கேளாதவன்

புதிதாக முன்பள்ளிக்குப் படிப்பிக்க வரும் தங்கைமாருக்கு நான் முதலில் கொடுப்பது 80 பக்கக் கொப்பி ஒன்று. பிள்ளைகள் போனதும், தும்புத்தடியைத் தொடுமுன் பத்து நிமிடம் அதில் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினால் போதும்.

கண்டதை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். நான் பிழைவிட்டுத்தான் இதைப் படித்தேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பித்தபோது, 4 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி “சொல்வழி கேளாதவன்” என்று மூன்று கிழமை எழுதியிருக்கிறேன். ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டியது. எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் சிரட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய்க் கூப்பிட்டேன், சிரித்துக்கொண்டு வந்தான்.

அம்மாவிடம் “காது கேளாது” என்று சொல்லிவிடாதீர்கள், அது வைத்தியரின் வேலை. வாசலில் வைத்துக் கதைக்காமல், தனியாக இருத்திக் கொப்பியை வாசித்துக் காட்டுங்கள். தடிமன் பிடித்தால் காதில் சீழ் வருமா என்று அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டேன். சிறு வயதிலிருந்தே வருவதுதானே என்றார். நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் அளவு நாளுக்கு நாள் மாறும். பிள்ளை வேண்டுமென்றே செய்வதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முல்லைத்தீவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், கச்சான் பிடுங்கும் காலத்தில் எந்த அம்மாவும் போகமாட்டார். அவருக்குத் தோதான திகதியைப் பார்த்துக் கேளுங்கள்.

அதுவரை வகுப்பை மாற்றலாம். யன்னலுக்கு முதுகுகாட்டி நின்று கதை சொன்னால் உங்கள் முகம் இருண்டு, உதடு தெரியாது. குந்தியிருந்து, பிள்ளை கண்ணைப் பார்த்தபின் பேசுங்கள். தண்ணீர், கைகழுவுதல், வெளியே போதல் மூன்றுக்கும் கைச்சைகையை எல்லோருக்குமே பழக்குங்கள். ஒருவனுக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். எங்கள் வாண்டுகள் மழை நாளில் எல்லோருமே சைகையில்தான் தண்ணீர் கேட்டார்கள்.

பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய உண்டு. தேநீரும் றோல்ஸும் நன்றாகவே இருந்தன. எனக்கு அதிகம் உதவியவர் பக்கத்து ஊர் ஆசிரியை. மாதம் ஒருமுறை வந்து மூலையில் இருந்து, நான் யாரோடு பேசவில்லை என்று குறித்துத் தருவார். அடுத்த மாதம் அவருடைய வகுப்புக்கு நான் போவேன். பஸ் காசு அவரவருடையது. அவர் முதலில் தந்த தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன, இரண்டும் சத்தமே போடாத பெண்பிள்ளைகள். கொப்பியைப் புரட்டினேன். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.